செட்டு மருந்தாம்மா?

மருந்துக் கடைக்குப் புதிதாக வந்து நிற்கிற தம்பி தங்கைகளே, கல்லூரியில் உங்களுக்கு ஒரு நோயாளியைப் பற்றிப் பாடம் எடுத்திருப்பார்கள். அவர் டாக்டரைப் பார்ப்பார், சீட்டு வாங்குவார், அதை ஒழுங்காக மடித்துக்கொண்டு உங்களிடம் வருவார். புதுச்சேரியில் நான் கவுண்டரில் நின்ற காலம் முழுக்க அந்த மனிதருக்காகக் காத்திருந்தேன். அபூர்வமாகத்தான் வந்தார். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் மட்டும் ‘ஒர்தொனான்ஸ்’ இல்லாமல் இருமல் மருந்துகூட வாங்க மாட்டார். மருந்துச் சீட்டுக்கு அவர் வாயில் வரும் பிரெஞ்சுப் பெயர் அது. மற்ற எல்லோருக்கும் நாம்தான் டாக்டர்.

சளி, தலைவலி, நீர்க்கடுப்பு, சேற்றுப்புண், குழந்தைக்குப் பேதி என்று எது வந்தாலும் முதலில் நம்மிடம்தான் வருவார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. சேற்றுப்புண்ணுக்குப் போய் ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் நின்றால் அன்றைய பிழைப்பு என்ன ஆவது? சின்ன நோவை நாமே பார்த்து அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஆனால் எது சின்ன நோவு என்று யாரும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. நம் வேலையே அங்கேதான் இருக்கிறது. மாத்திரை எடுத்துக் கொடுப்பதை யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் கடை பெரிய மார்க்கெட்டுக்கு அடுத்த தெருவில். என் கணவர் வீட்டுக் கடை. நான் முஸ்லிம் வீட்டுப் பெண் என்பதால் மார்க்கெட்டில் எனக்குப் ‘பாயம்மா’ என்று பெயர். என் சொந்தப் பெயர் மீன்காரப் பெண்களில் ஒருவருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சட்டென்று வரும். அதற்காகவே என்னைச் சீண்ட வருகிறவர்கள் உண்டு. அவர்களில் முதல் ஆள் பூங்காவனம் அக்கா.

அவர் வீராம்பட்டினத்துக்காரர். விடிவதற்குள் மீனை எடுத்துக்கொண்டு, நாலைந்து பேராக ஆட்டோ பிடித்து மார்க்கெட்டுக்கு வந்துவிடுவார். அறுபதை நெருங்கும் வயதில் ஐஸோடு சேர்த்து ஓர் அன்னக்கூடை மீனைத் தனியாகத் தூக்கித் தலையில் வைப்பார். என்னிடம் அவர் வாங்கியதெல்லாம் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு மட்டும்தான். கடைசி ஒரு வருஷமாக ஆள் நன்றாகப் பூரித்திருந்தார். கன்னம் இரண்டும் உப்பி முகம் வட்டமாகிவிட்டது. “இன்னாக்கா, வர வர கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்குற?” என்று கேட்டேன். “எல்லாம் சுறாப்புட்டு பாயம்மா. நீயும் துன்னு, ஒம்மூஞ்சியும் வெளங்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் நின்றிருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வீராம்பட்டினத்து அம்மன் கோயில் தேர்த் திருவிழா முடிந்த மறுநாள் காலை. பூங்காவனம் அக்காவின் மகள் வசந்தி கடைக்கு வந்தாள். அவளுக்கு முப்பது வயதிருக்கும். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கடையில் கூட்டம் இருந்தது.

“பாயம்மா, அம்மாவுக்கு வாந்தி. நிக்கவே மாட்டேங்குது. ஒரு மாத்திரையும் அந்த உப்புச் சக்கரத் தண்ணி பாக்கெட்டும் குடுங்க.”

“எப்போலேருந்து?”

“நேத்து தேர் வரும்போதே நிக்க முடியல. ஓரமா குந்திக்கிச்சி. ராவெல்லாம் வாந்தி. வயிறு வலிக்குதுன்னும் சொல்லுது.”

“வயித்தால போவுதா? காய்ச்சல் அடிக்குதா?”

“அதெல்லாம் இல்ல. ஒடம்பு சில்லுனுதான் இருக்குது.”

“தெனமும் சாப்புடுற மருந்து மாத்திர ஏதாவது இருக்கா? சுகரு, பிரஷரு?”

“ஒண்ணுமே கெடையாது பாயம்மா. மாத்திர டப்பாவே எங்க வூட்ல இல்ல. அம்மாதான் கல்லு மாதிரி ஆச்சே.”

கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் கேட்டாயிற்று என்றுதான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். திருவிழா, விரதம், வெயில், கண்ட இடத்தில் வாங்கிக் குடித்த மோர். வாந்தி வர இதற்கு மேல் என்ன வேண்டும்? வாந்தி மாத்திரை அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்ட ஆரம்பித்தேன். வசந்தி பையைத் திறந்துகொண்டே பேசினாள்.

“வாந்தி மட்டும் நின்னா போதும் பாயம்மா. அப்பறம் ஒரு செட்டு போட்டுச்சின்னா தானா ஏந்துக்கும். நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போவணும்னு சொல்லிகினே இருக்குது.”

கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது.

“எந்தச் செட்டு?”

“அதான், ஒடம்பு வலி செட்டு. தெனமும் காலையில மார்க்கெட்ல டீ குடிக்கிறப்ப போடுமே.”

“தெனமுமா? எத்தினி நாளா?”

“அது ஆவுது வருசக்கணக்குல.”

“அடிப்பாவி! மருந்து மாத்திர ஏதாவது சாப்புடுதான்னு இப்பத்தானே கேட்டேன்? இல்லேன்னியே!”

வசந்தி என்னைப் பார்த்த பார்வையில் கள்ளமே இல்லை. நான் எதற்குக் கத்துகிறேன் என்றே அவளுக்கு விளங்கவில்லை.

“செட்டு மருந்தாம்மா?” என்று கேட்டாள்.

செட் என்றால் என்னவென்று உங்களில் தெரியாதவர்கள் இருக்கலாம். நாலைந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது. ஜுரத்துக்கு ஒரு செட், உடம்பு வலிக்கு ஒரு செட். எந்த மாத்திரைக்கும் பெயர் தெரியாது. எங்கள் கடையில் அது கிடையாது. செட் கேட்டு வருகிறவர்களைக் கன்னாபின்னாவென்று திட்டி அனுப்புவேன். அதன் பலன் என்னவென்றால், எல்லோரும் என்னிடம் கேட்பதை மட்டும் நிறுத்தினார்கள். வேறு இடத்தில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆனால் அதை மருந்து என்றே நினைக்காத ஒருத்தி என் எதிரில் நிற்பாள் என்று நான் கனவிலும் எண்ணவில்லை. அவர்களுக்கு மருந்து என்றால் டாக்டர் எழுதுவது. செட் என்றால் டீயோடு சேர்ந்தது, வேலைக்குக் கிளம்பும்போது போடுவது.

“திருவிழாவுலயும் போட்டுதா?” என்று கேட்டேன்.

“திருவிழாவுல வேல ஏது? காப்பு கட்டுனதுலேருந்து யாரும் கடலுக்கே போவல. அம்மாவும் மார்க்கெட்டுக்குப் போவல. சும்மா வூட்ல குந்திகினு செட்டு எதுக்குன்னு விட்டுடுச்சி.”

இப்போது எனக்கு அந்த உப்பிய கன்னங்கள் கண்ணில் தெரிந்தன. உடம்பு வலி செட்டில் வலி மாத்திரைகளோடு சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையையும் சேர்க்கிற புண்ணியவான்கள் உண்டு. போட்டதும் வலி பறந்துவிடும், பசிக்கும், தெம்பு வரும், முகம் பூரிக்கும். ஆள் மறுநாளும் அதே கடைக்குப் போவார். அந்தச் சத்தை நம் உடம்பே கொஞ்சம் சுரக்கிறது. வெளியிலிருந்து தினமும் வந்து விழுந்தால் உடம்பு தன் வேலையை விட்டுவிடும். அப்புறம் ஒரு நாள் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இருக்காது, வெளியேயும் இருக்காது. வாந்தி, வயிற்று வலி, உடம்பு சில்லிடுதல், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம், அதற்கு அப்புறம் சாவு. பூங்காவனம் அக்கா சாமிக்குக் காப்புக் கட்டி ஓய்வெடுத்த நாட்களில் செத்துக்கொண்டிருந்தார் என்றால் உங்களால் நம்ப முடிகிறதா? எனக்கே அப்போது நம்ப முடியவில்லை.

“அந்தச் செட்டு வூட்ல இருக்குதா? யாரையாவது எடுத்தாரச் சொல்லு.”

“எங்கிட்டயே ஒண்ணு இருக்குதே” என்று வசந்தி கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

“அம்மாவுதா?”

“என்னுது பாயம்மா. நாள் பூரா நின்னுகினே வேல. கால் வலி தாங்கல. அம்மாதான் வாங்கியாந்து குடுக்கும். நான் எப்பவாவதுதான் போடுவேன்.”

அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை. பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு பெரிய வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சின்ன வெள்ளை. அந்தச் சின்ன வெள்ளை எந்த மாத்திரையாகவும் இருக்கலாம். அட்டை இல்லாத மாத்திரையைக் கண்ணால் பார்த்து இதுதான் என்று அடித்துச் சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

“வூட்டுக்குப் போன் போடு. அம்மாவ ஏந்து உக்கார வெக்கச் சொல்லு” என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண்தான் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது. “ஏந்து உக்கார வெச்சேன்டி. கண்ணு சொருவுது. பேரச் சொல்லிக் கூப்பிட்டா ‘ம்’னுதான் சொல்லுது.”

வெட்டி வைத்த வாந்தி மாத்திரையை எடுத்து டிராயரில் போட்டேன். வசந்தி அதைப் பார்த்துவிட்டு, “குடுங்க பாயம்மா, வாந்தி நின்னா சரியாப் போயிடும், தேர் அலுப்புதான்” என்று கை நீட்டினாள். அவளுக்கு அது கடைக்கு வந்து ஒரு மாத்திரை வாங்கிப் போகிற விஷயம். கடையில் நின்ற கூட்டமும் என்னை விநோதமாகப் பார்த்தது. “இந்தம்மா ஒண்ணுமில்லாததப் பெருசாக்குது” என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு குரல் அதையே கேட்டது. சாதாரண வாந்தியாக இருந்தால்? சும்மா பயமுறுத்தி ஏழைக் குடும்பத்தை ஆஸ்பத்திரிக்கு இழுத்தடிக்கிறேனா? இந்தக் குரல் உங்களுக்கும் கேட்கும். அப்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள். நான் தப்பாகச் சொல்லி அவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வீணாகும். நான் தப்பாகச் சொல்லி அவர் வீட்டிலேயே இருந்தால் ஆளே போய்விடுவார். இதில் கூட்டிக் கழிக்க என்ன இருக்கிறது?

“ஆட்டோவுல தூக்கிப் போட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரச் சொல்லு. படுக்க வெச்சே கொண்டாரணும். நீயும் நானும் இங்கேருந்து போறோம்” என்றேன். கடையில் இன்னொரு மருந்தாளுநர் இருந்தார். அவரிடம் கவுண்டரை விட்டுவிட்டுப் பொட்டலத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு இறங்கினேன்.

மார்க்கெட் நெரிசலில் எங்கள் ஆட்டோ சிக்கித் தாமதமாகி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூங்காவனம் அக்காவை ஏற்கெனவே படுக்கையில் போட்டு டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. மார்க்கெட்டையே அதட்டுகிற குரல் எங்கே போயிற்றோ, உதடு மட்டும் அசைந்தது. பிரஷர் கருவியில் வந்த எண்ணைப் பார்த்த நர்ஸ் மறுபடி ஒரு முறை பட்டையைக் கட்டினார். டாக்டர் சின்ன வயதுப் பெண். முகத்தில் கவலை அப்பட்டமாகத் தெரிந்தது.

“டிரிப் போயிட்டே இருக்கு, பிரஷர் ஏறவே மாட்டேங்குது. நீங்க யாரு, சொந்தமா?”

“மருந்துக் கடைக்காரி டாக்டர். இவங்க தெனமும் உடம்பு வலி செட் போட்டிருக்காங்க. வருஷக்கணக்கா. திருவிழாவுக்காகத் திடீர்னு விட்டுட்டாங்க. அதுல ஸ்டீராய்டு இருந்திருக்கும்னு சந்தேகப்படறேன்.”

“எந்த மருந்தும் சாப்பிடறதில்லைன்னு சொன்னாங்களே! கூட வந்தவங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன்.”

“எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. செட்டு அவங்களுக்கு மருந்தில்ல டாக்டர்.”

டாக்டர் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். “இது ஸ்டீராய்டுதான்னு உறுதியாத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன். தெரியும் என்று சொல்லிவிட்டால் உடனே காரியம் நடக்கும் என்று ஆசை வந்தது. ஆனால் நமக்குத் தெரிந்ததைத் தெரிந்ததாகவும், சந்தேகத்தைச் சந்தேகமாகவும்தான் டாக்டர் கையில் கொடுக்க வேண்டும். “மாத்திரை எனக்கு உறுதியாத் தெரியாது. இவங்க மூஞ்சி ஒரு வருஷமா உப்பிக்கிட்டே வந்தது எனக்குத் தெரியும். நிறுத்தினது திருவிழா தொடங்கினப்போன்னு தெரியும்” என்றேன்.

டாக்டர் அக்காவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் சருகாக மெலிந்து, அங்கங்கே கருநீலமாகக் கன்றியிருந்தது. கூடை இடித்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். நாள்பட்ட ஸ்டீராய்டு தோலை இப்படித்தான் ஆக்கும் என்று டாக்டருக்குத் தெரியும். நர்ஸைக் கூப்பிட்டு ஸ்டீராய்டு ஊசியின் பெயரைச் சொன்னார். போட்டார்கள். நானும் வசந்தியும் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றோம். அவள் அம்மனைக் கூப்பிட்டாள், நான் அல்லாஹ்வைக் கூப்பிட்டேன். யார் காதில் விழுந்ததோ, மத்தியானத்துக்குள் பிரஷர் ஏற ஆரம்பித்தது. சாயங்காலம் பூங்காவனம் அக்கா கண் திறந்து, “இந்தக் கஞ்சிய எவ குடிப்பா?” என்று கேட்டார். வசந்தி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

இதிலிருந்து நான் கற்றதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ‘மருந்து சாப்பிடுகிறீர்களா’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் கேள்வி கேட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். அது உங்கள் வார்த்தை, டாக்டரின் வார்த்தை. செட் போடுவீர்களா, வலி வந்தால் என்ன போடுவீர்கள், காலையில் டீயோடு என்ன, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தது ஏதாவது உண்டா என்று அவர்கள் வாயில் புழங்குகிற பெயரைச் சொல்லிக் கேளுங்கள். திட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். திட்டுகிறவளிடம் யாரும் உண்மையைக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும் முன்பே நான் மீன் மார்க்கெட்டுக்குள் போனேன். பூங்காவனம் அக்கா இடம் காலியாக இருந்தது. அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பிழைத்துவிட்டார் என்றதும் ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் முதலில் பழைய கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன்.

“இங்க யார் யாரு தெனமும் மருந்து சாப்புடுறீங்க?”

ஒரு பெண் மட்டும் சுகர் மாத்திரை என்றாள். “எங்களுக்கெல்லாம் இன்னா கேடு?” என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

“சரி, செட்டு போடறவங்க யாரு?”

இடுப்பிலிருந்து சுருக்குப் பைகள் வெளியே வந்தன. ஒன்று, இரண்டு என்று நான் எண்ண நினைத்தேன், முடியவில்லை. வரிசையின் அந்தக் கடைசி வரைக்கும் பொட்டலங்கள். மீன் செதில் ஒட்டிய கைகளில், அதே துண்டுக் காகிதம், அதே மடிப்பு. என்னைவிட மூத்தவர்கள், வசந்தி வயதுக்காரிகள், கைக்குழந்தையை மடியில் போட்டிருந்த ஒருத்தி. இத்தனை வருஷமாக இவர்களுக்கெல்லாம் நான் களிம்பு விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“அத்தனையும் வெசம்!” என்று கத்திவிட்டேன்.

எனக்கு மிக அருகில் இருந்தவர், பூங்காவனம் அக்காவுக்குப் பக்கத்தில் மீன் விற்கும் அக்கா, என்மேல் அவ்வளவு மரியாதை வைத்திருந்தவர். நான் சொன்ன அந்தக் கணமே பொட்டலத்தை மீன் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் எறியக் கையை ஓங்கினார். பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“போடாதக்கா! எறியாத! பூங்காவனம் அப்படி நிறுத்தித்தான் ஆஸ்பத்திரியில கெடக்குது!”

“நீதான வெசம்னு சொன்ன?”

“சொன்னேன். ஆனா திடீர்னு விடக் கூடாது. எல்லாரும் இந்தப் பொட்டலத்த எடுத்துகினு இன்னைக்கே டாக்டரப் பாக்கணும், நான் கூட வரேன். அவங்க கொஞ்சங் கொஞ்சமாக் கொறைப்பாங்க. அதுவரைக்கும் யாரும் நிறுத்தாதீங்க.”

அவர் என்னையும் கையிலிருந்த பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் இல்லை, குழப்பம்தான்.

“அப்ப இது நல்ல மாத்திரதான பாயம்மா?”

“இல்லக்கா.”

“பின்ன ஏன் விடாதன்ற?”

“இத்தினி நாள் போட்டுட்டு ஒரேயடியா விட்டா செத்துடுவக்கா” என்றேன்.

பின்னால் யாரோ மீன் வெட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவர் பொட்டலத்தைப் பிரித்தார். பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்த டீ கிளாஸை எடுத்தார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே நாலு மாத்திரையையும் வாயில் போட்டு விழுங்கினார். செட் விற்கக் கூடாது என்று காலமெல்லாம் சண்டை போட்டவள் நான். தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.